நாற்றங்காலும் நடவு வயலும்

பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்று, இன்று இளைஞர் பலருக்குப் பிழைப்பாகவும் அவர்தம் பெற்றோர்க்குக் கவலையாகவும் மாறி நிற்கிறது. கணினியிலும் செல்பேசியிலும் உள்ள விளையாட்டுகளைத் தாமே ஆடி, அவ்வாட்டத்தைப் படமாக்கி, தம் குரலால் விளக்கம் சேர்த்து, யூடியூப் போன்ற தளங்களில் வெளியிடுவோர் தமிழகத்தின் சிற்றூர்களிலும் பெருகிவிட்டனர். காவிரிப் பாசனத்துக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

தமிழ்த்துறையின் மலரில் இதற்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இளைஞர் நாவில் தமிழ் எங்கே மிகுதியாகப் புழங்குகிறதோ, அங்கே தமிழ்த்துறைக்கு வேலை உண்டு என்பதே நம் விடை. மேடைப் பேச்சையும் வானொலி உரையையும் ஆராய்ந்த நாம், செல்பேசித் திரைக்குள் பல மணி நேரம் ஒலிக்கும் தமிழைக் கேளாதவர்போல் இருந்துவிட முடியாது.

மாணவர் ஒருவரின் வினா

சென்ற ஆண்டு சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நாள்களில், நம் வகுப்பு மாணவர் ஒருவர் பாடம் முடிந்த பின்னும் போகாமல் நின்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர். குத்தகை நிலத்தில் உழும் தந்தை. தவணையில் வாங்கிய செல்பேசி. பதினொரு மாதங்களாக நாள்தோறும் ஒரு விளையாட்டுக் காணொளி வெளியிட்டு வந்திருக்கிறார். முந்நூறுக்கு மேல் ஆகிவிட்டன. இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதால் காலை வகுப்புகள் தவறின. இரண்டு தாள்கள் நிலுவையில் நின்றன. வருவாயோ இன்னும் தொடங்கவில்லை.

"ஐயா, ஒரு நாள் போடலேன்னாக்கூட ஆளுங்க மறந்துடுறாங்க. மாசத்துக்கு ஒண்ணு நல்லாச் செய்யலாம்னு மனசு சொல்லுது. அதுவரைக்கும் யாரு காத்திருப்பாங்க? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. "முந்நூறு செய்திருக்கிறீர்களே தம்பி, அவற்றுள் நீங்களே இரண்டாம் முறை பார்த்தது எத்தனை?" என்று மட்டும் கேட்டோம்.

அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "ரெண்டு, மூணு இருக்கும் ஐயா" என்றார்.

செய்தவரே திரும்பிப் பார்க்க விரும்பாத ஒன்றை, முன்பின் அறியாத ஒருவர் ஏன் பார்க்க வேண்டும்? இவ்வினாதான் இக்கட்டுரைக்கு வித்து.

எண்ணிக்கையின் கணக்கு

எண்ணிக்கையை நாடும் இளைஞரை அறியாதவர் என்று நாம் இகழ்தல் ஆகாது. அவர் நிற்கும் சந்தை அத்தகையது. ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் தம் தளத்தில் ஏறுவதாக யூடியூப் நிறுவனமே சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு 7,20,000 மணி நேரம் ஆகிறது. ஒரே நாளில் ஏறியவற்றை மட்டும் பார்த்து முடிக்க, உண்ணாமலும் உறங்காமலும் ஒருவருக்கு 82 ஆண்டுகள் வேண்டும். இந்தக் கடலில் நாளொன்றுக்கு ஒரு துளியைக் கூட்டி எவர் கண்ணில் படப் போகிறோம்? நாள்தோறும் வெளியிட்டால் ஒழியப் பிழைக்க முடியாது என்று அஞ்சுவோர், அப்படி வெளியிட்டாலும் வெள்ளத்தில் ஒரு சொட்டுதான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு அத்தளம் 2018 முதல் வகுத்துள்ள அளவு இது: குறைந்தது 1,000 பேர் உறுப்பினராக வேண்டும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். குறும்படத் துணுக்குகளை வெளியிடுவோர்க்கு 90 நாள்களில் ஒரு கோடிப் பார்வை என்பது மாற்று வழி. முதல் வழியில், எத்தனை காணொளிகள் வெளியிட்டீர் என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டன என்றே கேட்கின்றனர். எத்தனை பேர் தொட்டுப் பார்த்தனர் என்பதைவிட எவ்வளவு நேரம் தங்கிப் பார்த்தனர் என்பதற்கே 2012ஆம் ஆண்டு முதல் அத்தளம் முதன்மை தந்து வருகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. மாதத்தில் முப்பது காணொளிகள். ஒவ்வொன்றையும் நூறு பேர் ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு அகல்கின்றனர். மொத்தம் 50 மணி நேரம். மற்றொருவர் மாதம் ஒன்றே வெளியிடுகிறார். முந்நூறு பேர் பன்னிரண்டு நிமிடம் அமர்ந்து பார்க்கின்றனர். மொத்தம் 60 மணி நேரம். எல்லார்க்கும் கணக்கு இவ்வாறே அமையும் என்று நாம் கூற வரவில்லை. எண்ணிக்கையே வழி என்னும் முடிவு எண்ணிப் பார்த்து எடுத்த முடிவன்று, அச்சத்தால் எடுத்த முடிவு என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம். ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போல் மொத்தமாகச் செய்து குவிக்கும் காணொளிகளுக்கு வருவாய் இல்லை என்பதை அத்தளம் 2025 ஜூலையில் மேலும் தெளிவாக்கியிருப்பதும் நினைக்கத்தக்கது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தங்கிப் பார்க்கும் நேரமும் தரத்தின் உரைகல் ஆகாது. ஐந்து நிமிடச் செய்தியை அரைமணி நேரம் இழுப்பவரும் உண்டு. வசைச்சொல்லால் கூட்டம் சேர்ப்பவரும் உண்டு. பப்ஜி விளையாட்டை ஆபாசப் பேச்சுடன் ஒளிபரப்பிப் பெருங்கூட்டம் சேர்த்த ஒருவர், பெண்களை இழிவாகப் பேசியதாக எழுந்த புகார்களின்பேரில் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானதை நாடே அறியும். கூட்டம் வேறு, மதிப்பு வேறு. இயந்திரம் எண்ணக் கூடியதை எண்ணுகிறது. எண்ண முடியாததை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலகம் காட்டும் சான்றுகள்

விளையாட்டுக் காணொளி உலகில் எண்ணிக்கையின் உச்சியைத் தொட்டவர் சுவீடன் நாட்டவரான ஃபீலிக்ஸ் ஷெல்பெர்க். 'பியூடிபை' என்ற பெயரில் வெளியிட்டு வந்த அவர், 2019 ஆகஸ்டில் 10 கோடி உறுப்பினர்களை எட்டினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, தாம் மிகவும் களைத்துப்போனதாகவும் சிறிது காலம் ஓய்வு கொள்ளப் போவதாகவும் அறிவித்தார். பத்துக் கோடிப் பேர் உடனிருந்தும் ஒருவரால் தாங்க இயலாத ஓட்டத்தை, நிலுவைத் தாள்களோடு நம் மாணவர் ஓட முனைவது எவ்வளவு தகும்?

மறுபக்கம் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க் பிரவுன். 2014இல் 'கேம் மேக்கர்ஸ் டூல்கிட்' என்ற அலைவரிசையைத் தொடங்கினார். ஒரு விளையாட்டு ஏன் நம்மைப் பிடித்து வைக்கிறது, அதன் அமைப்பில் உள்ள நுட்பம் என்ன என்று ஆராய்ந்து விளக்குவதே அவர் பணி. நாள்தோறும் ஒன்று என்று அவர் ஓடவில்லை. விளக்கி விளக்கித் தாமே கற்று, 2024 நவம்பரில் 'மைண்ட் ஓவர் மேக்னட்' என்னும் விளையாட்டைத் தாமே உருவாக்கி வெளியிட்டார். தரத்தை நாடியவர் பிறர்க்கு மட்டுமன்றித் தமக்கும் கல்வி தேடிக்கொண்டார் என்பது இதிலுள்ள பாடம்.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றையும் சேர்த்து எண்ணுவோம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி செல்பேசி விளையாட்டை இந்திய அரசு தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைக்குள்ளானது. ஆட்டத்தை அப்படியே படம் பிடித்துக் காட்டுவதொன்றே தொழிலாகக் கொண்டவர்க்கு அன்று காட்ட என்ன இருந்திருக்கும்? விளையாட்டை ஆராயக் கற்றவர்க்கோ ஒன்று போனால் மற்றொன்று உண்டு. ஒரே பயிரை நம்பிய உழவனின் துன்பத்தை டெல்டா மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வெண்பா என்றொரு விளையாட்டு

யாப்பிலக்கணம் கற்றார்க்கு வெண்பாவின் கட்டுப்பாடு தெரியும். வேற்றுத்தளை விரவலாகாது, ஈற்றடி முச்சீரால் முடிதல் வேண்டும். அதனுள்ளும் குறள் வெண்பா ஏழே சீர்களில் அடங்கிவிடும். குறுமையைக் குறையாகக் கருதாத மொழி நம் மொழி.

அந்தப் பெயரையே தாங்கி, கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி இல்லை; பந்தயம் இல்லை. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து நிரப்பி, இட்லியும் புட்டும் பிறவும் சமைப்பதே ஆட்டம். பிற மொழி சூழ்ந்த மண்ணில் மகன் நாவிலிருந்து தாய்மொழி நழுவுவதை அவ்வடுக்களையில் நின்றே நாம் காண்கிறோம்.

இவ்விளையாட்டை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத பெருவிளையாட்டுகள் மலிந்த சந்தையில், இச்சிறு படைப்பு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. அவ்வாண்டே தனித்தியங்கும் விளையாட்டுப் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும்பரிசும் அதற்கே கிடைத்தது. தமிழ் வீட்டின் இட்லிப் பானை உலக அரங்கேறியது. சிறிதாக இருப்பதால் மட்டும் அது சிறக்கவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதற்கு வேண்டிய அளவோடு நின்றது.

நம் மாணவரிடம் இதைக் கூறினோம். நண்பரின் கணினியில் ஆடிப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து ஒரு காணொளியோடு வந்தார். ஆடியவர் அவர், அருகில் அமர்ந்து பார்த்தவர் அவர் தாயார். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் மகன் தடுமாற, "குழிக்கு நேரா குழி வைக்காதடா, மாத்தி அடுக்கு, மேல உள்ளது கீழ உள்ளதை அமுக்கிடும்ல" என்று தாயின் குரல் ஒலிக்கிறது. மகன் வெண்பாவின் கதையைச் சொல்லிக்கொண்டே வர, வெளிநாட்டில் வாழும் தம் தங்கை பிள்ளைகள் தமிழ் பேச மறந்ததைத் தாயார் இடையில் எடுத்துரைக்கிறார். பன்னிரண்டு நிமிடக் காணொளி அது.

பார்த்தோர் எண்ணிக்கை பழைய அளவைத் தாண்டிவிடவில்லை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் வந்தவருள் மிகப் பலர் இறுதிவரை இருந்தனர். அதனினும் மேலாக ஒன்று நிகழ்ந்தது. பதினொரு மாதமாக மகன் செல்பேசியோடு என்ன செய்கிறான் என்றறியாது வருந்திய தாய், அன்றுதான் அத்தொழிலைக் கண்டார். அது எந்தக் கணக்கிலும் ஏறாத வரவு.

காட்சிக்குச் சொல் எதற்கு?

கண்ணுக்கு முன்னே ஆட்டம் நடக்கிறது. வருணனை எதற்கு என்று கேட்கலாம். இங்கே நம் நினைவுக்கு வருபவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அகில இந்திய வானொலியில் கிரிக்கெட் ஆட்டங்களைத் தமிழில் நேர்முக வருணனை செய்து புகழ்பெற்றவர்; 2020 டிசம்பரில் மறைந்தார். வேற்று மொழிச் சொற்களாலேயே பேசப்பட்டு வந்த ஓர் ஆட்டத்தைத் தமிழால் நடத்திக் காட்ட முடியும் என்று மெய்ப்பித்தவர்களுள் அவர் ஒருவர். தேநீர்க் கடை வானொலியைச் சூழ்ந்து நின்றோர்க்குப் பந்து தெரியவில்லை. சொல்லால் பந்தைக் கண்டனர்.

காணொளி செய்வோர்க்குச் சுமை குறைவு என்று தோன்றும், உண்மையில் கூடுதல். காண்பதையே மீண்டும் கூறினால் அது வீண்பேச்சு. காண்பவன் காணாததைக் கூறினால்தான் அது வருணனை. ஏன் இவ்வழி சென்றான், எங்கே தவறினான், இதை வடிவமைத்தவர் எண்ணம் என்ன என்று எடுத்துரைக்கச் சொல்வளம் வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும். கூச்சலும் வசையும் பெரும்பாலும் தீய எண்ணத்தால் பிறப்பவையல்ல. சொல் கிடைக்காத இடத்தை நிரப்ப வருபவை. அங்கேதான் தமிழ்த்துறைக்கு வேலை இருக்கிறது.

மறுப்பும் விடையும்

எண்ணிக்கைக்கும் ஒரு நியாயம் உண்டு. பல செய்யாமல் கை பழகாது. முதற்படைப்பே முழுப்படைப்பாக வேண்டும் என்று காத்திருப்பவர், காத்திருந்தே காலம் கழிப்பார். இம்மறுப்பை நாம் தள்ளவில்லை. டெல்டாவின் வரலாறே எண்ணிக்கைக்குச் சான்று கூறும். 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களில் தந்த ஆடுதுறை 27 போன்ற குறுவை நெல் வகைகள், பஞ்சம் அஞ்சிய நாட்டின் பசிக்கு விடையாயின. பசித்தவனிடம் அளவு வேண்டா என்று எவரும் கூறார். பின்னாளில் ஆதிரெங்கம் நெல் ஜெயராமன், 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2018இல் மறையும் வரை 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டளித்ததும் இதே மண்ணில்தான். அளவு வேண்டிய காலமும் உண்டு. அளவுக்கு ஓடுகையில் எதை இழந்தோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய காலமும் உண்டு.

ஆகவே அளவா, தரமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே பிழை. எதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. விடை நம் வயலிலேயே இருக்கிறது.

விதைநெல்லை உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கியதை மட்டும் நல்ல நீரில் அலசி எடுக்கிறார் உழவர். ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். அச்சிறு நிலத்தில் நெருக்கமாக விதைக்கிறார். அங்கே எண்ணிக்கைக்குக் குறைவில்லை. குறுவைக்கு மூன்று வாரம், நீண்ட நாள் சம்பாவுக்கு ஐந்து வாரம் என்று பொறுத்திருந்து, தேறிய நாற்றையே பறித்து நடுகிறார். நாற்றங்காலில் நெருக்கம் வேண்டும்; நடவு வயலில் இடைவெளி வேண்டும். நாற்றங்காலையே வயலென்று எண்ணி அப்படியே விட்டுவிட்டால் தூர் கட்டாது.

நம் மாணவர்கள் செய்துவரும் தவறு இதுதான். நாள்தோறும் செய்வதில் பிழையில்லை. நாள்தோறும் செய்ததையெல்லாம் நாள்தோறும் வெளியிடுவதில்தான் பிழை. நாளும் ஆடுக, நாளும் பேசிப் பழகுக, பதிவு செய்து தாமே கேட்டுத் திருத்துக. அது நாற்றங்கால். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ தேறியதை மட்டும் மக்கள் முன் நடுக. ஊரார் தரும் நேரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். ஒருவரின் பத்து நிமிடத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் தராமல் அனுப்புவது, எடை குறைத்து அளப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்ய வேண்டுவன

மாணவர்க்கு மூன்று உரைகற்களைக் கூறுவோம். இதனால் பார்ப்பவர் புதிதாக ஒன்று அறிகிறாரா? இதிலுள்ள சொற்களைத் தாயும் தங்கையும் உடனிருந்து கேட்க இயலுமா? ஓராண்டு கழித்து இதை நாமே திரும்பப் பார்ப்போமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும்வரை அது நாற்றங்காலிலேயே இருக்கட்டும். பட்டப் படிப்பு முடியும்வரை குடும்பத்தின் அடுப்பு இதை நம்பி எரியவும் வேண்டா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்தும் நாம், நேர்முக வருணனைக்கும் ஒரு போட்டி வைத்தால் என்ன? கணினி விளையாட்டோ, கபடியோ, பாட்டி ஆடும் பல்லாங்குழியோ, எதுவாயினும் பத்து நிமிடம் பிழையற்ற இனிய தமிழில் விளக்கச் சொல்வோம். நம் மாணவரிடம் இருக்கும் திறன் அன்று நமக்கே விளங்கும்.

பெரியோர்களுக்கு ஒரு சொல். செல்பேசியைப் பிடுங்குவது எளிது. அருகில் அமர்ந்து பார்ப்பது அரிது. அந்தத் தாய் பன்னிரண்டு நிமிடம் அருகில் அமர்ந்தார். மகனின் முந்நூறு காணொளிகளில் கிடைக்காத சிறப்பு அந்த ஒன்றில் கிடைத்தது.

அம்மாணவர் இப்போது மாதத்துக்கு ஒன்றே வெளியிடுகிறார். நிலுவைத் தாள்களுள் ஒன்று தேறிவிட்டது, மற்றொன்றுக்குப் படித்துவருகிறார். வருவாய் இன்னும் வரவில்லை. நடவு முடிந்த மறுநாளே களத்துமேட்டில் போய் நிற்பவர் எவரும் டெல்டாவில் இல்லை என்பதை அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் உழவர் மகன்.